கடிதம் வராத வருஷங்களில் என் அப்பா

1

போன வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு பிழை விட்டுவிட்டேன். பெரிய பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஐயர்கூடச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அதன் பிறகு வீட்டில் நடந்த பேச்சுத்தான் என்னை இதை எழுத வைக்கிறது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துப் படிப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் கூச்சம். பேசுவதைவிட எழுதுவது சுலபமாக இருக்கலாம் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இருப்பது மலாயாவில், பேராக் பகுதியில் ஒரு சின்ன ரயில்வே பட்டணம். கூட்ஸ் ஷெட்டில் மூட்டைகளைச் சரிபார்த்து ஏற்றி இறக்கும் வேலை. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டி ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து குளித்துவிட்டு நானும் மனைவி வள்ளிப்பிள்ளையும் மகள் பூமணியும் போவோம். ஐயர் யாழ்ப்பாணத்தவர். அன்று தட்டை வாங்கிக்கொண்டு, யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார். மனைவியின் பேரைச் சொன்னேன், மகளின் பேரைச் சொன்னேன். பிறகு வாய் தானாகவே, "கந்தப்போடி, உத்தரட்டாதி" என்றது.

அது என் அப்பாவின் பேர். அவர் இறந்து நாலு வருஷமாகிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை அவருடைய திவசம் வர இருந்தது.

ஐயருக்கு அது தெரியும். திவசத்துக்கு அவரைத்தான் கேட்டிருந்தேன். "போடியாருக்கு இனி என்னத்துக்கு அர்ச்சனை? அவர் பிள்ளையாரோட நேரிலயெல்லோ கதைக்கிறார்" என்று பகிடி விட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வள்ளிப்பிள்ளை சிரிக்கவில்லை.  வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

2

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் ஊர் தேற்றாத்தீவுக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் மணல் துண்டு. சூரியன் எழும் பக்கம் என்பதால் அதை எழுவான்கரை என்போம். வயல்கள் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். அப்பா விடியுமுன்னே தோணியில் ஏறி, கம்பு ஊன்றி அக்கரைக்குப் போய்விடுவார். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வாரக்கணக்கில் அங்கேயே வாடிக் குடிசையில் கிடப்பார். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய வயற்காரர். அப்பாவுக்கு அந்தப் பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை. அந்த வயல் வட்டையில் உள்ள அத்தனை பேரும் வாய்க்கால் வெட்டவும் வேலி அடைக்கவும் நாள் கேட்டு அவரிடம்தான் வந்தார்கள். அப்படியே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

அவர் அதிகம் பேசமாட்டார். ஒருமுறை அண்ணன் தம்பி இருவர் ஒரு வரம்புக்காக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டார்கள். அப்பா போய் அந்த வரம்பின் நடுவில் குந்திவிட்டார். உச்சி வெயில். "சாப்பிட வாங்க போடியார்" என்று மூத்தவன் வந்து கூப்பிட்டான். இளையவனும் வந்து கூப்பிட்டான். "ரெண்டு பேரும் ஒரு சட்டியில திண்டா அங்க வாறன்" என்றாராம். பொழுது சாயும்வரை அசையவில்லை. கடைசியில் அந்த வரம்பிலேயே மூன்று பேரும் ஒரே சட்டியில் சோறு தின்றார்கள்.

வயலுக்கு அடுத்தபடி அவருக்குக் கண்ணகை அம்மன் கோயில். அதில் அவர் வண்ணக்கர், அதாவது கோயில் காரியங்களைக் கொண்டு நடத்துபவர். வைகாசியில் சடங்குக்குக் கதவு திறந்தால் மறுபடி மூடும்வரை வீட்டுப் பக்கம் தலை காட்டமாட்டார். அந்தப் பொறுப்பு மகனுக்கு வராது. எங்கள் வழக்கில் குடி, அதாவது குலம், தாய் வழியில் வருவது. ஆகவே அப்பாவுக்குப் பின் வண்ணக்கர் ஆக வேண்டியவன் அவருடைய தங்கை மகன் சின்னத்தம்பி. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. அவன் தங்கைதான் வள்ளிப்பிள்ளை. நான் அத்தை மகளைக் கட்டினேன். எனவே அப்பாவும் என் மனைவியும் ஒரே குடி. என் மகளும் அதே குடி. நடுவில் நான் மட்டும் வேறு குடி. இதை இங்கே யாருக்கு விளங்கப்படுத்தினாலும் சிரிக்கிறார்கள்.

இன்னொரு வழக்கையும் சொல்லவேண்டும். சூடு மிதிக்கும் களத்தை நாங்கள் களவெட்டி என்போம். அதற்குள் செருப்போடு போகக்கூடாது. நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொலி அளந்து முடியுமட்டும் 'இல்லை' என்ற சொல் அங்கே எவர் வாயிலும் வரக்கூடாது. மற்றப் போடிமார் இதைப் பெயருக்குத்தான் பார்த்தார்கள். அப்பா அப்படியல்ல. ஒருமுறை வெற்றிலை கேட்டபோது சின்னத்தம்பி, "வெத்தில இல்ல மாமா" என்றுவிட்டான். மிதித்துக்கொண்டிருந்த எருமைகளை அப்பா நிறுத்தச் சொன்னார்.

"போய் வாயக் கழுவிட்டு வா மருமகன்."

அவன் வாய்க்காலுக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வரும்வரை எருமைகள் அப்படியே நின்றன. வேலைகாரர் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. சொல்லிவிட்டால் அது ஆகிவிடும் என்று அவர் நிச்சயமாக நம்பினார்.

3

காணியும் வீடும் பெண்பிள்ளைகளுக்கு என்பது எங்கள் ஊர் வழக்கு. எனக்கு மூன்று அக்காமார். அப்பாவின் காணியெல்லாம், அவர் காலம்வரை அவரே விதைத்தாலும், அவர்கள் பேருக்குப் போனது. அதில் எனக்குக் கோபமில்லை. நானும் மனைவிக்கு வந்த வீட்டில்தான் இருந்தேன். ஆனால் மைத்துனன் பார்க்கும் வயலில் காலம் முழுக்க உதவியாளாக நிற்கவும் மனம் வரவில்லை. தெரிந்த ஒரு வாத்தியார் மலாயா ரயில்வேயில் ஆள் எடுப்பதாகச் சொன்னார். மகளுக்கு அப்போது பால்குடி மறக்கவில்லை. ஒன்றிரண்டு வருஷத்தில் அவர்களையும் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துப் போனேன். மட்டக்களப்பு ஸ்டேஷன்வரை அப்பா வந்தார்.  வண்டி புறப்படும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "புள்ளையும் அவளும் என்ட கண்ணுக்குள்ள இரிப்பாங்க" என்றார். அதுதான் நான் கேட்ட அவருடைய கடைசி வார்த்தை.

கூட்டிக்கொள்ளக் காசு சேர்த்து வைத்திருந்த நேரத்தில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். கப்பல் நின்றது. தபால் நின்றது. அந்தக் காலத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நாங்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றோம். சயாமுக்கு ரயில் பாதை போட ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் லயத்தில் பாதி வீடு காலியானது. ஓடும் ரயிலுக்கு ஆள் வேண்டும் என்பதால் என்னை விட்டுவைத்தார்கள்.

அந்த வருஷங்களில் நான் செய்தது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையாரிடம் போய் அப்பா பேரில் அர்ச்சனை செய்தேன். தேங்காய் கிடைக்காத வாரத்தில் பூவை மட்டும் வைத்துச் செய்தேன். மனைவிக்கும் மகளுக்கும்கூடத் தனியாகச் செய்யவில்லை. அப்பா இருந்தால் அவர்கள் இருப்பார்கள் என்பது என் கணக்கு. அவருக்கு ஆயுளைக் கொடு என்று மட்டும் கேட்டேன்.

சண்டை முடிந்து, தபால் ஓடத் தொடங்கி, நான் எழுதிய கடிதத்துக்குச் சின்னத்தம்பியின் பதில் வந்தது. முதல் வரியிலேயே அப்பா காலமானதை எழுதியிருந்தான். மாசி மாதத்தில் நடந்தது. கடிதம் என் கைக்கு வந்தபோது அடுத்த மாசி நெருங்கிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் முழுவதும், செத்துப்போன மனிதருக்கு நான் ஆயுள் வேண்டியிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை வாயில் வந்தது அந்தப் பழக்கம்தான்.

4

மனைவியையும் மகளையும் இங்கே கொண்டுவருவதற்குள் எத்தனை அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கினேன் என்று சொல்லி முடியாது. இங்கே உள்ள கந்தோரில், இவள் உன் மனைவி என்பதற்கு அத்தாட்சி எங்கே என்றார்கள். எங்கள் கல்யாணம் அம்மனுக்கு முன்னால் நடந்தது. பதிவு ஒன்றும் கிடையாது. ஊர்ப் பக்கத்தில் வேறு கேள்வி. புருஷன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்றார்களாம். கடைசியில் எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர், நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது என்னை ஏற இறங்கப் பார்த்து, இதற்கு நான் பொறுப்பல்ல என்றார். அதையும் பகிடியாகத்தான் சொன்னார்.

வள்ளிப்பிள்ளை வந்த பிறகுதான் கடிதம் வராத வருஷங்களில் ஊரில் என்ன நடந்தது என்பதைத் துண்டு துண்டாகக் கேட்டு அறிந்தேன்.

மலாயாவில் இருந்த தமிழர் எல்லோரையும் சயாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள் என்று பட்டணத்தில் ஒரு கதை அடிபட்டதாம். அதைக் கேட்டுவிட்டு வந்த சின்னத்தம்பிக்கு இரண்டு யோசனை. ஒன்று, நான் செத்திருந்தால் எனக்குச் செய்யவேண்டிய கடமையைச் செய்யாமல் விடுவது பாவம். மற்றது அவனுடைய தங்கை. அவளுக்கு இன்னும் வயதிருக்கிறது. காரியத்தைச் செய்து முடித்தால் காலம் போக வேறொரு வாழ்க்கை பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் மறுமணம் குறைவாகப் பார்க்கிற விஷயமல்ல. அவனை நான் குறை சொல்லமாட்டேன். அவனுடைய இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அப்பாவிடம் இரண்டு மூன்று தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அப்பா காது கேளாதவர்போல எழுந்து போய்விடுவாராம்.

அந்த வைகாசியில் சடங்கு வந்தது. எங்கள் அம்மனுக்குக் கன்னிப் பெண்களும் புருஷன் உள்ள பெண்களும்தான் மடைப்பெட்டி சுமந்து வரலாம். பூவும் பழமும் வைத்த பெட்டியைத் தலையில் வைத்து வரிசையாகக் கோயிலைச் சுற்றி வரவேண்டும். வள்ளிப்பிள்ளை வரிசையில் நின்றாள். சின்னத்தம்பி வந்து மறித்தான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, நீ இந்த வருசம் நிக்காத. பெட்டிய இறக்கு."

உள்ளே இருந்த அப்பா வெளியே வந்தார். விரதத்தில் மெலிந்து, ஈரச் சால்வையோடு.

"ஏன் மருமகன் மறிக்கிறாய்?"

"மாமா, கோவிக்காதீங்க. மச்சானப்பத்தி ஒரு சேதியும் தெரியாமக் கெடக்கு. அம்மாள்ட வாசல்ல பிழை வந்திரக் கூடா. செய்யவேண்டிய கடமையையும் செய்யாம வெச்சிருக்கம். அவன்ட ஆத்துமா தண்ணி வெந்நி இல்லாம எங்க அலையிதோ."

 அப்பா எல்லோருக்கும் கேட்கிறாற்போலச் சொன்னாராம்:

"களவெட்டியில பொலி அளக்க முந்தி ஆரும் 'இல்ல' எண்டு சொல்லுவாங்களா? என்ட மகன இன்னும் அளக்கல்ல. வழிய விடு."

சின்னத்தம்பி விலகினான். வள்ளிப்பிள்ளை பெட்டியோடு நடந்தாள். தனக்கு முன்னாலும் பின்னாலும் நின்ற பெண்கள் கொஞ்சம் தள்ளித் தள்ளி நடந்ததாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு காத்தான்குடியிலிருந்து வரும் பிடவை வியாபாரி மீராசா காக்கா வந்தார். ஒவ்வொரு வருஷமும் அறுப்பு முடிந்து வருகிறவர், துணி கிடைக்காததால் அந்த வருஷம் பிந்தி வந்தார். அப்பா வாசலில் நின்று சிவப்புச் சீலை கேட்டார். "போடியார், சண்டைக் காலத்தில சாயம் எங்க வருது? வெள்ளையெண்டா மலிவாத் தரலாம்" என்றவர், வள்ளிப்பிள்ளை நிற்பதைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வண்டியைக் கட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரம் திரும்பி வந்து ஒரு சிவப்புச் சீலையைக் கொடுத்தார். "என்ட மகள்ட கலியாணத்துக்கெண்டு வெச்சிருந்தன். நீங்க எடுங்க போடியார். அவளுக்கு அல்லாஹ் வேற தருவான்." அப்பா அதை வாங்கி, தெருவில் போகிறவர்கள் பார்க்கிறாற்போல வள்ளிப்பிள்ளையின் கையில் கொடுத்தாராம்.

மார்கழியில் வாவி பெருகி வயலுக்குள் வந்தது. மற்றவர்கள், பயிர் அழுகிவிட்டது, தண்ணீர் வடியத் தொடங்கினதும் மறுபடி விதைப்போம் என்றார்கள். அப்பா பொறுக்கச் சொன்னார். குருத்து இருக்கிறதா என்று முழங்காலளவு தண்ணீரில் நாள் முழுக்க நடந்து தடவிப் பார்த்தார். அவருடைய வயல் அழுகித்தான் போயிற்று. பிந்தி விதைத்தவர்களுக்காவது ஏதோ விளைந்தது. "போடியாருக்கு வயலும் தெரியா, மகனும் தெரியா" என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அந்தத் தண்ணீரில் பிடித்த காய்ச்சல் விடவில்லை. மாசியில் அவர் கண்ணை மூடினார்.

அவர் போனதும் சின்னத்தம்பி வண்ணக்கர் ஆனான். இனிச் சொல் அவனுடையது. அப்பாவின் காரியத்தோடு என் காரியத்தையும் சேர்த்து முடித்துவிடுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மகன் போடவேண்டிய வாய்க்கரிசியை யார் போடுவது என்ற கேள்வி வந்தது. சின்னத்தம்பி அரிசியை அள்ளினான். "மலாயாவில இரிக்கிற மச்சான்ட பேரில போடுறன்" என்று சொல்லிப் போட்டான். சொல்லிவிட்டுச் சிறு பிள்ளைபோல அழுதானாம்.

இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு பெருமை. நான் யாரிடமும் அதிகம் பேசாதவன். ஆனாலும் இந்தக் கதையை மட்டும் கூட்ஸ் ஷெட்டில் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஊர் உலகம் முழுக்க நான் செத்தேன் என்று நினைத்தபோது, நான் இருக்கிறேன் என்று என் அப்பா ஒருவர் நம்பினார் என்று சொல்வேன். அதைச் சொல்லும்போது கூச்சம் எனக்கு வருவதில்லை.

5

இங்கே எங்கள் நாட்கள் ஒரேமாதிரிப் போகின்றன. விடியற்காலையில் சங்கு ஊதும். நான் ரொட்டி தின்று கோப்பி குடித்துவிட்டு ஷெட்டுக்குப் போவேன். பூமணி கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். இப்போது காட்டில் கம்யூனிஸ்டுக் கலகம் என்று எல்லோருக்கும் படம் ஒட்டிய அட்டை கொடுத்திருக்கிறார்கள். அது இல்லாமல் தெருவில் இறங்க முடியாது. அதற்குப் பதியப் போனபோது தகப்பன் பேர் கேட்டார்கள். சொன்னேன். போடி என்பது பேரா, பட்டமா என்று கேட்டார்கள். இரண்டும்தான் என்றேன். அதிகாரி தனக்குத் தோன்றினதை எழுதிக்கொண்டார்.

ஷெட்டில் என்னோடு வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார். நல்ல மனிதர்கள். "மட்டக்களப்பிலை போனால் பாயோட ஒட்டிப்போடுவினமாம். நீ என்னெண்டு ஒட்டாமல் இஞ்ச வந்தனி?" என்று, எங்கள் ஊர்ப் பெண்கள் மந்திரத்தால் ஆணைக் கட்டிப்போடுவார்கள் என்ற பழைய பகிடியை எடுப்பார்கள். நான் 'மறுகா' என்று சொன்னால் ஒருவர் விடாமல் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் 'பிறகு' என்பதற்கு அதுதான் சொல். இப்போது நானும் 'பிறகு' என்றே சொல்லப் பழகிவிட்டேன்.

வள்ளிப்பிள்ளை மாறவில்லை. மகள் மாறிக்கொண்டிருக்கிறாள். சாப்பிட்டாயா என்று தாய் கேட்டால், "மக்கான் பண்ணியாச்சு" என்கிறாள். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளோடு பேசும் வேகம் தமிழில் வருவதில்லை. அதுகூடப் பரவாயில்லை. வேறொன்றுதான் எனக்கு வலிக்கிறது. அப்பாவின் கடைசி வருஷங்கள் எனக்குக் கிடைக்கவில்லை, இவளுக்குக் கிடைத்தன. அவரைப் பெத்தப்பா என்று கூப்பிட்டு, அவருடைய தோளில் இருந்துதான் இவள் வளர்ந்தாள். பெத்தப்பா என்ன சொல்வார், எப்படி இருமுவார், எந்தக் கையால் உனக்குச் சோறு ஊட்டுவார் என்று நான் கேட்பேன். வந்த புதிதில் நிறையச் சொன்னாள். போன வருஷம் குறைந்துவிட்டது. இந்த வருஷம் கேட்டபோது யோசித்துப் பார்த்துவிட்டு, "மீசை இருந்திச்சு" என்றாள். வேறொன்றும் வரவில்லை. ஏட்டை எடுத்துக்கொண்டு பாடம் செய்யப் போய்விட்டாள்.

என் அப்பாவுக்கு மீசை இருக்கவில்லை.

6

சனிக்கிழமை காலை. மகள் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். வள்ளிப்பிள்ளை திருவலையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை கோயிலில் நடந்ததுக்கு ஏன் இப்படி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டேன். அப்பா எனக்காக எத்தனை உறுதியாக நின்றார். அவர் பேர் என் வாயில் வந்தால் என்ன பிழை என்றும் சொன்னேன்.

அவள் துருவுவதை நிறுத்தினாள்.

"இஞ்சேருங்க, இத நான் உங்களுக்குச் சொல்லாமலே இருந்திருப்பன். நீங்க அந்தக் கதைய ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறீங்க. எனக்கு அதக் கேக்க ஏலாமக் கெடக்கு."

பிறகு சொன்னாள்.

அந்த வைகாசிச் சடங்கு முடிந்து, சீலையும் வாங்கிக் கொடுத்து, மழைக்கு முந்தி ஒரு நாள். விதைநெல்லை அக்கரைக்குக் கொண்டுபோக அப்பா தோணியை எடுத்தார். உதவிக்கு வள்ளிப்பிள்ளையும் ஏறினாள். பூமணி அவள் மடியில் தூங்கிவிட்டாள். வேறு ஆள் இல்லை. வாவியின் நடுவில் வந்ததும் அப்பா கம்பு ஊன்றுவதை விட்டுவிட்டார். தோணி தன்பாட்டில் நின்றது. எழுவான்கரையும் தூரம், படுவான்கரையும் தூரம். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். 

"புள்ள, அவன் இல்ல."

வள்ளிப்பிள்ளைக்கு முதலில் விளங்கவில்லையாம். அவர் திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனார்.

"எனக்குத் தெரியும். பெத்தவனுக்குத் தெரியாமப் போகுமா? அவன் பயந்தவன். கூப்பிட்டா வாறவன், போ எண்டாப் போறவன். அந்தப் படையிட்ட இருந்து அவன் தப்ப மாட்டான். முதல் வருசமே முடிஞ்சிருக்கும். ஆனாக் கரையில நான் அதச் சொல்ல மாட்டன். நான் சொன்னாத்தான் அவன் சாவான். உன்ட அண்ணன் சொன்னாலும் ஊர் சொன்னாலும் சாக மாட்டான். நான் சொன்னாச் செத்திருவான். நீயும் சொல்லாத. சிவப்பக் கட்டு. என்ன கோவிக்காத புள்ள. உன்னயும் சேத்துக் கட்டி வெச்சிரிக்கன்."

பிறகு குனிந்து வாவித் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்துத் துப்பினாராம். கம்பை எடுத்து ஊன்றினாராம்.  அதற்குப் பிறகு சாகும்வரை, காய்ச்சலில் பிதற்றும்போதுகூட, அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை.

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"நீ என்ன நினைச்ச?" என்று கேட்டேன்.

"நான் என்னத்த நினைக்கிற? அதுவரைக்கும் நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தன். மாமா நம்புறார், எனக்கென்ன எண்டு இருந்தன். அண்டைக்குத்தான் என்ட கையில ஒண்டுமில்லாமப் போச்சு." தேங்காய்ப் பூவை விரலால் ஒதுக்கினாள். "மறுகா விடியத்தில எழும்பிச் சீலையக் கட்டுவன். பொட்டு வெப்பன். அவரு என்ட முகத்தப் பாத்திட்டு வயலுக்குப் போவார். ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டு பேரும் சொல்லல்ல."

"இத ஏன் எனக்கு முதலே சொல்லல்ல?"

"என்னெண்டு சொல்றது? அவரு உங்களுக்காக உள்ளுக்குள்ள அழுது அழுதுதான் செத்தவர் எண்டா?"

7

இரண்டு நாள் நான் ஷெட்டில் மூட்டைகளைப் பிழையாக எண்ணினேன்.

அவர் நம்பினார் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையோடு அவர் நிம்மதியாகப் போயிருப்பார், என் கடிதம் வரும்போது அவர் இல்லாமல் போனது மட்டும்தான் குறை என்று நினைத்திருந்தேன். இப்போது தெரிகிறது. ஊரின் முன்னால் அவர் அப்படி நின்றபோது, உள்ளே அவர் மகனைப் பறிகொடுத்தவராக நின்றிருக்கிறார். செத்த மகனுக்கு அழக்கூட ஒரு நாள் அவருக்குக் கிடைக்கவில்லை. அழுதால் ஊருக்குத் தெரிந்துவிடும். அழுகின வயலில் குருத்தைத் தடவித் தடவி நடந்தபோது யாரும் அவர் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். அது ஒன்றுதான் அவருக்கு அழக் கிடைத்த இடம் என்று இப்போது நினைக்கிறேன். நான் அந்த நேரமெல்லாம் இங்கே கிழங்கு தின்றுகொண்டு, ரயிலில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டு, உயிரோடுதான் இருந்தேன்.

அவருடைய பயமும் பிழையல்ல. என்னை அவர் அறிந்தவர். நான் பயந்தவன்தான். ரயிலுக்கு ஆள் வேண்டியிருந்ததால் தப்பினேனே தவிர, என் கெட்டித்தனத்தால் அல்ல.

செவ்வாய்க்கிழமை லீவு எடுத்தேன். வள்ளிப்பிள்ளை அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தாள். லயத்தில் எட்டுப் பத்துப் பேரைச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தோம். ஐயர் வந்து தர்ப்பையைப் போட்டு, மந்திரம் சொல்லி, எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார். அப்பாவின் பேரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு வாழையிலையில் படையல் வைத்து, கும்பிட்டுக்கொள்ளுங்கோ என்றார். வந்தவர்கள் பின்னால் நின்றார்கள். பூமணி பள்ளிக்கூடச் சட்டையோடு தூணில் சாய்ந்து நின்றாள்.

கும்பிடும்போது மனதுக்குள் சொல்வதுதான் வழக்கம். நான் அப்படித்தான் சொல்லப் போனேன். ஆனால் அப்பா வாயால் சொல்வதைத்தான் கணக்கில் எடுப்பவர் என்ற நினைப்பு வந்தது. மனதுக்குள் சொன்னால் அவருக்கு எட்டாது என்று பட்டது. அத்தனை பேருக்கும் நடுவில், எனக்கே பழக்கமில்லாத என் பெரிய குரலில், இலையைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்பா, நான் இரிக்கன்."

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வள்ளிப்பிள்ளை குனிந்து, ஒன்றும் நடவாததுபோல, இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்தாள்.